தமிழ் வலைத்தளத்தில் எழுத்து உடைகிறதா? உருவாக்குவோரும் சோதிப்போரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ் உள்ளடக்கம் உள்ள தளங்களையும் செயலிகளையும் கட்டுபவர்கள், சோதிப்பவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. எளியவை முதலில் வருகின்றன. சில பதில்கள் முந்தைய பதில்களைச் சுட்டும் என்பதால் முதல் ஐந்தை மட்டுமாவது வரிசையாகப் படித்துவிடுங்கள்.

1. பேஜ்ல தமிழ் வர்ற இடத்துல என்னென்னமோ வருது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கறது?

நிரலைத் (கோட்) தொடுவதற்கு முன் திரையில் என்ன வடிவம் தெரிகிறது என்று பாருங்கள். கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை அந்த வடிவமே சொல்லிவிடும். வெறும் கட்டங்கள் தெரிந்தால் தரவு சரியாக இருக்கிறது, ஃபாண்ட்தான் இல்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வந்தால் பைட்டுகள் சரி, படிக்கும் முறைதான் தவறு. கேள்விக்குறிகளாக வந்தால் தரவே போயிருக்கலாம். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி என்றால் யுடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) அல்லாத பைட்டுகளைப் பிரவுசர் யுடிஎஃப்-8 என்று நினைத்துப் படிக்கிறது, அல்லது ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகளுக்கு நடுவில் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

புள்ளிகளால் ஆன வட்டத்தின் மேல் கொம்போ காலோ தொங்கினால், உயிர்க்குறி தன் மெய்யிலிருந்து பிரிந்துவிட்டது. அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்தால் அது பாமினி போன்ற பழைய ஃபாண்ட் குறியீட்டில் தட்டிய உரை. இந்த ஆறையும் கலந்து குழப்பிக்கொண்டு "ஃபாண்ட் மாத்திப் பார்க்கலாம்" என்று தொடங்குவதில்தான் நேரம் அதிகம் வீணாகிறது.

2. அந்தக் கோடு போட்ட 'ஏ', வட்டத்துக்குள்ள 'ஆர்'... அது ஏன் எப்பவும் அதே ரெண்டா வருது?

யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையான எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. யுடிஎஃப்-8 முறையில் இவை ஒவ்வொன்றும் 3 பைட்டுகள். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. இதே எண்களை விண்டோஸ்-1252 என்ற மேற்கத்திய குறியீடாகப் படித்தால் 224 என்பது கோடு போட்ட 'ஏ', 174 என்பது வட்ட 'ஆர்', 175 என்பது மேலே மிதக்கும் சிறு கோடு. தமிழ் எங்கே உடைந்தாலும் இதே முகம் தெரிவது அதனால்தான்.

பிரவுசரின் டெவ்டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்துக்கான முதல் கோரிக்கையைச் சொடுக்கி, பதில் தலைப்புகளில் 'கன்டென்ட்-டைப்' வரியைப் பாருங்கள். அங்கே வேறு கேரக்டர் செட் இருந்தால், பக்கத்துக்குள் நீங்கள் எழுதிய மெட்டா வரி எடுபடாது. சர்வர் அனுப்பும் தலைப்புக்கே முன்னுரிமை. தலைப்பில் எதுவும் இல்லாவிட்டால்தான் மெட்டா வரி பேசும், அதுவும் கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் இருந்தால்தான். ஹெட் பகுதியின் தொடக்கத்தில் நீளமான ஸ்கிரிப்ட் ஒன்றை ஒட்டி, மெட்டா வரியைக் கீழே தள்ளிவிட்ட பக்கங்கள் நிறைய உண்டு.

3. மெனு, தலைப்பு எல்லாம் தமிழ்ல சரியா வருது. டேட்டாபேஸ்ல இருந்து வர்றது மட்டும் உடையுது.

பக்கத்தின் குறியீடு சரி. டேட்டாபேஸுக்குள் போகும்போதோ வெளியே வரும்போதோதான் கெடுகிறது. மைசீக்வல், மரியாடிபி என்றால் ஊகிக்கவே வேண்டாம். 'தமிழ்' என்ற ஒரே சொல் உள்ள ஒரு வரிசையை எடுத்து, அதன் மேல் 'லெங்த்', 'கேர்-லெங்த்' என்ற இரண்டு செயல்களையும் ஓட்டுங்கள். முதலாவது பைட்டுகளை எண்ணும், இரண்டாவது குறிகளை எண்ணும்.

த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்று 5 குறிகள், 15 பைட்டுகள். விடை 15, 5 என்று வந்தால் சேமிப்பு சரி, படிக்கும் இணைப்பின் கேரக்டர் செட்தான் தவறு. இணைப்பு தொடங்கும் இடத்தில் அதை யுடிஎஃப்8எம்பி4 என்று குறிப்பிட்டால் தீர்ந்தது. 15, 15 என்றால் லத்தீன்1 என்று அறிவித்த நெடுவரிசைக்குள் யுடிஎஃப்-8 பைட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. 30, 15 என்றால் ஒருமுறை யுடிஎஃப்-8 ஆனதை மறுபடியும் யுடிஎஃப்-8 ஆக்கிவிட்டார்கள். 5, 5 என்றால் உள்ளே இருப்பவை நிஜமான கேள்விக்குறிகள்.

4. சரி, 15-15, 30-15 வந்தா எப்படிச் சரி பண்றது? கன்வெர்ட் போட்டா இன்னும் மோசமாகுது.

15, 15 நிலையில் அட்டவணையை நேரடியாக யுடிஎஃப்8எம்பி4 ஆக மாற்றக் கட்டளையிட்டால் அது 30, 15 ஆகிவிடும். "இன்னும் மோசமாகுது" என்பது இதைத்தான். நெடுவரிசையை முதலில் வார்பைனரி அல்லது பிளாப் வகைக்கு மாற்றுங்கள். அப்போது மைசீக்வல் பைட்டுகளைத் தொடாது, பெயர்ப்பலகை மட்டும் கழன்றுவிடும். அடுத்து அதை யுடிஎஃப்8எம்பி4 உரை வகைக்கு மாற்றுங்கள். 30, 15 நிலையில் ஒவ்வொரு மதிப்பையும் லத்தீன்1 ஆக மாற்றி, பைனரி ஆக்கி, பிறகு யுடிஎஃப்8எம்பி4 ஆகப் படிக்கும் ஒரு அப்டேட் தேவை. எதைச் செய்தாலும் பிரதி எடுத்த அட்டவணையில் முதலில் செய்யுங்கள். பழைய வரிசைகள் கெட்டும் புதியவை சரியாகவும் இருப்பது வழக்கம் என்பதால், கெட்டவற்றை மட்டும் பிரித்தெடுக்கும் நிபந்தனையும் வேண்டும்.

இந்த வேலையை டேட்டாபேஸுக்கு உள்ளேயே முடியுங்கள். உடைந்த உரையை நகலெடுத்து ஏதாவது மாற்றிக் கருவியில் ஒட்டித் திருத்தினால் சில எழுத்துகள் காணாமல் போகும். விண்டோஸ்-1252-இல் 129, 141, 143, 144 ஆகிய எண்களுக்கு எந்த உருவமும் இல்லை. தமிழில் இவை முறையே உகரக்குறி, புள்ளி, ஏ, ஐ ஆகியவற்றின் மூன்றாவது பைட்டுகள். "மீட்ட" உரையில் புள்ளிகளெல்லாம் பறந்துபோய் 'தமிழ்' 'தமிழ' ஆவதற்கு இதுவே காரணம். மைசீக்வலின் லத்தீன்1 இந்த எண்களையும் இழக்காமல் வைத்துக்கொள்கிறது.

5. எல்லாம் கேள்விக்குறியா இருக்கு. மீட்க வழியே இல்லையா?

3-ஆம் பதிலின் சோதனையில் 5, 5 வந்தால், அந்த வரிசையிலிருந்து வழி இல்லை. ஒவ்வொரு குறியும் 63 என்ற ஒரே பைட்டாக மாறிவிட்டது. எந்தக் கேள்விக்குறி எந்த எழுத்து என்ற தகவல் எங்குமே இல்லை. பழைய பேக்கப், சர்வர் லாக், படிவம் அனுப்பிய மின்னஞ்சல், இவற்றில் மூல உரை இருக்கிறதா என்று தேடுங்கள்.

இனி நடக்காமல் தடுக்கலாம். மைசீக்வலில் தமிழைத் தாங்காத நெடுவரிசைக்குள் எழுதும்போது ஸ்டிரிக்ட் முறை இயங்கினால் பிழை வரும், இயங்காவிட்டால் வெறும் எச்சரிக்கையோடு கேள்விக்குறி உள்ளே போகும். ஸ்டிரிக்ட் முறையை அணைத்து வைத்திருப்பவர்கள் இதற்காகவாவது அதை இயக்குங்கள். மைக்ரோசாஃப்ட் சீக்வல் சர்வரில் நெடுவரிசை என்வார்சார் என்ற யூனிகோட் உரை வகையாக இருந்தாலும், கட்டளையில் மேற்கோளுக்கு முன்னால் 'என்' எழுத்தை விட்டுவிட்டால் கேள்விக்குறிதான். டெஸ்ட் தரவைக் கையால் எழுதி ஏற்றுபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

6. மைசீக்வல்ல வெறும் யுடிஎஃப்8 போதுமா, எம்பி4 கட்டாயமா?

மைசீக்வலின் பழைய 'யுடிஎஃப்8' ஒரு குறிக்கு 3 பைட் வரைதான் ஏற்கும். வழக்கமான தமிழ் அதற்குள் அடங்கிவிடும். அதனால் "தமிழ் ஓடுதே" என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒருவர் கருத்துப் பெட்டியில் இமோஜி போட்டதும் சேமிப்பு தோற்கிறது. 2019-இல் யூனிகோட் 12.0-இல் சேர்ந்த தமிழ்ப் பின்ன எண்களும் பழைய அளவைக் குறிகளும் 4 பைட் கேட்பவை. எம்பி4 போடுங்கள். மைசீக்வல் 8.0-இலிருந்து அதுவே இயல்புநிலை.

7. ஏபிஐ பதில்ல தமிழுக்குப் பதிலா சாய்கோடு, 'யு', எண்ணுன்னு வருது. இது பழுதா?

பழுதல்ல. ஜேசனில் ஒரு குறியை இப்படி எண்ணாக எழுதுவது விதிப்படி சரியே. வாங்கும் பக்கம் பார்ஸ் செய்தால் தமிழ் திரும்ப வந்துவிடும். பிஎச்பியின் ஜேசன்-என்கோட், பைத்தானின் ஜேசன்-டம்ப்ஸ் இரண்டும் இயல்பாகவே இப்படித்தான் தரும். லாகில் படிக்க வசதியாக வேண்டுமென்றால் பிஎச்பியில் அன்எஸ்கேப்டு-யூனிகோட் கொடியைக் கொடுங்கள், பைத்தானில் என்ஷுர்-ஆஸ்கி என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

வேர்ட்பிரஸில் மட்டும் கவனம் தேவை. மெட்டா மதிப்பைச் சேமிக்கும் செயல் சாய்கோடுகளை உரித்துவிடும். சாய்கோடு போனபின் எஞ்சியது வெறும் 'யு'வும் எண்ணும்தான், அது இனி தமிழாகாது. சேமிக்கும் முன் டபிள்யூபி-ஸ்லாஷ் வழியாக அனுப்புங்கள், அல்லது மேலே சொன்ன கொடியைப் பயன்படுத்துங்கள்.

8. சிஎஸ்வி டவுன்லோட் நோட்பேட்ல நல்லா இருக்கு, எக்செல்ல திறந்தா உடையுது.

இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது எக்செல் கோப்பின் குறியீட்டைக் கணினியின் மொழி அமைப்பை வைத்து முடிவு செய்கிறது. கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளை, அதாவது 'பாம்' குறியை எழுதிவிட்டால் யுடிஎஃப்-8 என்று புரிந்துகொள்ளும்.

ஆனால் இந்த வைத்தியத்தை சிஎஸ்விக்கு மட்டும் வையுங்கள். பிஎச்பி கோப்பில் பாம் புகுந்தால் "ஹெட்டர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டன" என்ற பிழை வரும். ஜேசன் கோப்பில் புகுந்தால் முதல் எழுத்திலேயே பார்ஸ் தோற்கலாம். அந்த சிஎஸ்வியைத் திரும்ப ஏற்றும் உங்கள் நிரலும் முதல் நெடுவரிசைப் பெயரின் முன்னால் ஒட்டியிருக்கும் 65279 என்ற குறியை நீக்கியாக வேண்டும். நீக்காவிட்டால் 'பெயர்' என்ற நெடுவரிசை கண்ணெதிரே இருந்தும் "இல்லை" என்று சொல்லும்.

9. என் மெஷின்ல டெஸ்ட் ஸ்கிரீன்ஷாட் சரியா வருது. டாக்கர்ல ஓட்டினா தமிழ் முழுக்கக் கட்டம்.

சிறிய லினக்ஸ் படிமங்களில் தமிழ் ஃபாண்ட் எதுவும் இருப்பதில்லை. உங்கள் விண்டோஸில் நிர்மலா, மேக்கில் தமிழ் சங்கம் எம்என் போன்றவை ஏற்கெனவே இருப்பதால் பிரச்சினை தெரியவில்லை. டெபியன், உபுண்டு படிமத்தில் 'ஃபாண்ட்ஸ்-நோட்டோ-கோர்' அல்லது 'ஃபாண்ட்ஸ்-லோகித்-தமிழ்' தொகுப்பை நிறுவுங்கள். லோகித் தொகுப்பின் பெயரில் தமிழுக்கு ஆங்கில நாலெழுத்துச் சுருக்கம்தான் இருக்கும். பிறகு எஃப்சி-லிஸ்ட் கட்டளையைத் தமிழ் மொழிக்கு வடிகட்டி ஓட்டிப் பாருங்கள். ஒரு வரியாவது வர வேண்டும்.

தளம் வெப் ஃபாண்ட் பயன்படுத்தியும் கட்டம் வந்தால், ஃபாண்ட் இறங்கும் முன் படம் எடுக்கப்பட்டிருக்கலாம். டாக்குமென்ட்டின் 'ஃபாண்ட்ஸ் ரெடி' வாக்குறுதி நிறைவேறும்வரை காத்திருந்து படமெடுங்கள். இரண்டு நொடி உறக்கம் வைப்பது வேகமான கணினியில் ஓடும், நெரிசலான சிஐ சர்வரில் (டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சர்வர்) தோற்கும். இன்னொன்று, ஒப்பிட வைத்திருக்கும் அடிப்படைப் படங்களை மேக்கில் எடுத்து லினக்ஸில் ஒப்பிடாதீர்கள். எழுத்து விளிம்புகள் வேறாக வரைபடும். இரண்டையும் ஒரே டாக்கர் படிமத்தில் எடுங்கள்.

10. லோக்கல்ல நம்ம தமிழ் ஃபாண்ட் வருது. லைவ்ல போட்டதும் வேற ஃபாண்ட் மாதிரி தெரியுது.

முதலில் உறுதி செய்யுங்கள். குரோமில் அந்த உரையைத் தேர்ந்து, எலிமென்ட்ஸ் பகுதியில் 'கம்ப்யூட்டட்' தாவலின் அடிக்குப் போனால் உண்மையில் வரையப் பயன்பட்ட ஃபாண்டின் பெயர் இருக்கும். சிஎஸ்எஸ்ஸில் எழுதியிருப்பது வேண்டுகோள், இங்கே தெரிவதுதான் நடந்தது.

பெயர் வேறாக இருந்தால் இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். ஃபாண்ட் கோப்பு வேறு டொமைனில், சிடிஎன் எனும் கோப்பு விநியோக சர்வரில் இருக்கிறதா? வெப் ஃபாண்டுகள் எப்போதும் 'கோர்ஸ்' விதிப்படியே, அதாவது வேறு டொமைன் என்றால் அந்த சர்வரின் அனுமதியோடுதான் இறங்கும். சிடிஎன் பதிலில் 'ஆக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின்' தலைப்பு இல்லையென்றால் பிரவுசர் அதைத் தள்ளிவிடும், கன்சோலில் சிவப்பு வரி இருக்கும். ப்ரீலோட் செய்பவர்கள் கிராஸ்-ஆரிஜின் பண்பை விட்டுவிட்டால் அதே கோப்பு இரண்டு முறை இறங்கும். இரண்டாவது, இறக்கி வைத்த கோப்பு லத்தீன் எழுத்துகள் மட்டும் உள்ள துண்டாக இருக்கலாம். கூகுள் ஃபாண்ட்ஸ் ஒரே குடும்பத்தை எழுத்துமுறை வாரியாகப் பல கோப்புகளாகப் பிரித்துத் தருகிறது. லத்தீன் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் தமிழ் அதில் இருக்காது.

11. ஃபாண்ட் சரியாத்தான் இருக்கு, ஆனா 'கு', 'கூ' எல்லாம் பிரிஞ்சு நிக்குது. பிடிஎஃப்ல 'கெ' போட்டா கொம்பு பின்னாடி வருது.

இரண்டும் ஒரே நோய். யூனிகோடில் 'கெ' என்பது க முதலில், கொம்பு அடுத்து. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பதும், க-வையும் உகரக்குறியையும் சேர்த்து 'கு' என்ற ஒரே உருவமாக்குவதும் ஷேப்பிங் என்ற படி. பிரவுசர்கள் இதைச் செய்கின்றன. பல பிடிஎஃப் நூலகங்களும் படம் வரையும் நூலகங்களும் செய்வதில்லை, குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்குகின்றன.

பிடிஎஃப்புக்கு, தலையில்லா (திரை காட்டாமல் ஓடும்) குரோமில் பக்கத்தைத் திறந்து அச்சிடும் வழியே நம்பகமானது. பைத்தானின் பில்லோவில் படம் வரைந்தால் ஷேப்பிங் செய்யும் 'ராக்ம்' அமைப்பு உள்ள கட்டமைப்பு வேண்டும். உள்ளே இருக்கிறதா என்று பில்லோவின் ஃபீச்சர்ஸ் கூற்றில் கேட்டுப் பார்க்கலாம். பிரவுசரிலேயே 'கு' பிரிந்தால், ஃபாண்டைச் சுருக்கியவர் அதன் லேஅவுட் அட்டவணைகளைக் கழித்துக்கட்டிவிட்டார். சுருக்காத மூலக் கோப்பைப் போட்டுப் பாருங்கள், சரியாகிவிட்டால் அதுதான்.

12. பட்டன்ல எழுத்தோட தலை வெட்டுப்படுது, சின்னத் திரையில வார்த்தை வெளிய போகுது.

தமிழில் மேலே இகர, ஈகாரச் சுழிகளும் புள்ளியும், கீழே 'ழு', 'ஸ்ரீ' போன்றவற்றின் வால்களும் உண்டு. ஆங்கிலத்துக்கு அளந்த 1.2 வரி உயரம் போதாது. 1.6-க்குக் குறையாமல் வையுங்கள். பட்டனுக்கு நிலையான உயரத்துக்குப் பதில் குறைந்தபட்ச உயரமும் மேல்கீழ் பேடிங்கும் கொடுங்கள். நீளமான சொற்களுக்கு 'ஓவர்ஃப்ளோ-ராப்' பண்பில் 'எனிவேர்' போதும். தடித்த எழுத்தில் 'ண', 'ஞ' போன்றவற்றின் உள்வெளி அடைந்துபோனால், 400 எடைக் கோப்பு மட்டும் இருக்கிறது, பிரவுசர் தானே தடிப்பாக்குகிறது என்று பொருள். 700 எடைக் கோப்பையும் சேருங்கள்.

13. பத்து எழுத்துன்னு லிமிட் போட்டேன். ரெண்டு வார்த்தையிலயே நின்னுடுது.

நாம் எழுத்து என்று எண்ணுவதும் கணினி எண்ணுவதும் ஒன்றல்ல. 'தமிழ்' நமக்கு 3 எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் லெங்த்துக்கும் எச்டிஎம்எல்லின் மேக்ஸ்-லெங்த்துக்கும் 5. டேட்டாபேஸில் பைட் கணக்கென்றால் 15. ஆரக்கிளின் வார்கேர்2 இயல்பாகப் பைட்டையே எண்ணும். 50 என்று அறிவித்தால் தமிழில் 16 குறிகள்தான் போகும்.

மனிதர் எண்ணும் எண்ணிக்கை வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டல்' தொகுப்பின் செக்மென்டரை கிராஃபீம் (குறிகள் சேர்ந்த ஒரு முழு எழுத்து) அளவில் பயன்படுத்துங்கள். குரோமில் நீண்டகாலமாக உண்டு. ஃபயர்பாக்ஸில் 125-ஆம் பதிப்பில், 2024-இல்தான் வந்தது. அதிலும் 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டும் தலா இரண்டு எழுத்தாகவே எண்ணப்படும். உரையை வெட்டிச் சுருக்கம் காட்டுவதும் இதே முறையில்தான் நடக்க வேண்டும். 5-இல் பாதி என்று குறி எண்ணிக்கையில் வெட்டினால் அடுத்த துண்டு புள்ளிவட்டத்தோடு தொடங்கும். தட்டச்சு போல ஒவ்வொன்றாக வரும் அனிமேஷன்களில் எழுத்து துடிப்பதும் இதனால்தான்.

குறுஞ்செய்தி அனுப்பும் செயலி என்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. தமிழ் ஒரு குறி வந்தாலும் 160 என்ற வரம்பு 70 ஆகிவிடும். நீண்ட செய்தியில் ஒரு துண்டுக்கு 67.

14. பெயர் புலத்துல தமிழ்ப் பெயர் போட்டா 'தவறான எழுத்து'ன்னு தள்ளுது.

உரையின் வடிவத்தைச் சோதிக்கும் ரெகெக்ஸ்தான் காரணம். அதில் 'சொல் எழுத்து' என்ற சுருக்கக் குறி ஜாவாஸ்கிரிப்டில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டுமே. சொல்லின் எல்லையைக் கேட்கும் குறியும் அதையே நம்புகிறது, ஆகவே தமிழில் பயனில்லை. இதைத் திருத்துபவர்கள் அடுத்து 'அ முதல் ஹ வரை' என்று எழுதுகிறார்கள். ஹ 3001, ஆனால் உயிர்க்குறிகள் 3006-இல் தொடங்கிப் புள்ளி 3021-இல் இருப்பதால் 'கமல' ஏற்கப்படும், 'கமலா' தள்ளப்படும்.

யூனிகோட் பண்பைக் கேட்கும் முறையில் 'எழுத்து' வகையோடு 'குறி' வகையையும் சேருங்கள். ரெகெக்ஸின் முடிவில் 'யு' கொடி கட்டாயம். முதலெழுத்துக்கான புள்ளியையும் இடைவெளியையும் மறக்காதீர்கள். 'க. முருகன்' என்று எழுதுவதே இங்கே வழக்கம், அதைத் தள்ளும் படிவம் பாதிப் பேரைத் தள்ளுகிறது.

15. ரெண்டும் கண்ணுக்கு ஒரே வார்த்தை. டெஸ்ட் மட்டும் 'பொருந்தவில்லை'ன்னு சொல்லுது.

'கொ' இரண்டு விதமாக எழுதப்படலாம். க-வும் 3018 என்ற ஒற்றைக் குறியும் ஒரு வகை. க, 3014 என்ற கொம்பு, 3006 என்ற கால் மற்றொரு வகை. திரையில் வேறுபாடே தெரியாது. 'கோ', 'கௌ' இரண்டுக்கும் இதே இரட்டை வழி உண்டு. விசைப்பலகை ஒன்றைத் தரும், பழைய மாற்றிக் கருவி மற்றொன்றைத் தரும்.

இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற யூனிகோட் முறையில் நார்மலைஸ் செய்தபின், அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தபின் ஒப்பிடுங்கள். அதைவிட நல்லது, உரை உங்கள் அமைப்புக்குள் நுழையும் இடத்திலேயே, அதாவது படிவம், இறக்குமதி, ஏபிஐ எல்லாவற்றிலும், ஒருமுறை செய்துவிடுவது. தேடல் பெட்டிக்கும் அதே விதி.

16. என்எஃப்சி போட்டாச்சு. இன்னும் பொருந்த மாட்டேங்குது.

உரையைக் குறி குறியாகப் பிரித்து ஒவ்வொன்றின் எண்ணையும் அச்சிடுங்கள், கண்ணை நம்பாதீர்கள். 160 இருந்தால் பிரியா இடைவெளி. 8203, 8204, 8205 இருந்தால் அகலமில்லாக் குறிகள், வேர்டிலிருந்தோ அரட்டைச் செயலியிலிருந்தோ நகலெடுத்தபோது வந்தவை.

அவையும் இல்லையென்றால் உருவ ஒற்றுமை. 'ஸ்ரீ' பழைய முறையில் ஸ, எண் 3000, கொண்டு தொடங்கும். 2005-இல் யூனிகோட் 4.1-இல் ஶ, எண் 2998, சேர்ந்தபின் அதைக் கொண்டும் எழுதுகிறார்கள். பல ஃபாண்டுகளில் இரண்டுக்கும் ஒரே உருவம். 'கௌ' எழுத வேண்டிய இடத்தில் கொம்பையும் ளகரத்தையும் தட்டி 'கெள' என்று எழுதுவது இன்னும் பரவலானது. இவற்றை என்எஃப்சி ஒன்றாக்காது, ஏனென்றால் யூனிகோட் கணக்கில் அவை வேறு வேறு உரைகள். தேடலுக்கென்று தனிப் பிரதி ஒன்றை வைத்து, அதில் மட்டும் நீங்களே இவற்றை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். மூல உரையில் கை வைக்க வேண்டாம்.

17. தமிழ்ப் பேர் வச்ச படம் மேக்ல வருது, சர்வர்ல 404.

15-இல் சொன்ன அதே இரட்டை வடிவம், இப்போது கோப்புப் பெயரில். மேக்கின் கோப்பு முறை இரண்டு வடிவத்தையும் ஒன்றாகப் பார்க்கும், லினக்ஸ் பைட் பைட்டாகப் பார்க்கும். கோப்பு 'கொடி' ஒரு வடிவத்தில், பக்கத்தில் உள்ள இணைப்பு மற்றொன்றில். கிட் என்ற கோட் சேமிப்புக் கருவியில் 'ப்ரீகம்போஸ்-யூனிகோட்' அமைப்பை இயக்குவது உதவும். பயனர் ஏற்றும் கோப்புகளுக்குச் சர்வரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட பெயரை நீங்களே சூட்டி, தமிழ்ப் பெயரை டேட்டாபேஸில் வைப்பதே நிம்மதி.

18. ஆண்ட்ராய்டுல தமிழ் கீபோர்ட்ல அடிச்சா ஆட்டோகம்ப்ளீட் வேலை செய்யல, சில சமயம் எழுத்து ரெட்டிக்குது.

உங்கள் கோட் 'கீ-டவுன்' நிகழ்வை நம்புகிறது. கைபேசி விசைப்பலகைகள் பெரும்பாலும் எந்த விசைக்கும் 229 என்ற ஒரே எண்ணைத்தான் தருகின்றன. 'இன்புட்' நிகழ்வுக்கு மாறுங்கள். ஆங்கிலத்தில் தட்டித் தமிழாக்கும் விசைப்பலகைகளில் சொல் முடியும்வரை உரை தற்காலிக நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் புலத்தின் மதிப்பை ஜாவாஸ்கிரிப்ட் திருத்தி எழுதினால் எழுத்து இரட்டிக்கும். 'கம்போசிஷன்-எண்ட்' வரும்வரை திருத்தாதீர்கள். என்டர் விசையில் படிவத்தை அனுப்பும் இடத்திலும் 'இஸ்-கம்போசிங்' உண்மையா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். இல்லையென்றால் சொல்லை உறுதிசெய்யத் தட்டிய என்டர் பாதிச் செய்தியை அனுப்பிவிடும்.

19. அதே படிவம் பிளேரைட் டெஸ்ட்ல பாஸ் ஆகுது, கையில பண்ணினா ஃபெயில். எப்படி?

பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் பிளேரைட்டின் 'ஃபில்' மதிப்பை மொத்தமாக வைத்து இன்புட் நிகழ்வை எழுப்புகிறது. ஒவ்வொன்றாகத் தட்டும் முறையும் அமெரிக்க விசைப்பலகையில் இல்லாத குறிகளுக்கு இன்புட் நிகழ்வை மட்டுமே அனுப்பும். ஆக 18-இல் சொன்ன கம்போசிஷன் நிலை டெஸ்டில் எழவே இல்லை. பாஸ் ஆவது பொய்யல்ல, அது வேறு ஒன்றைச் சோதித்திருக்கிறது. உண்மைக் கைபேசியில் இரண்டு விசைப்பலகைகளிலாவது கையால் ஒரு சுற்று தேவை.

அதே வகைக் கருவியான செலினியத்தில் குரோம்டிரைவர் யூனிகோடின் அடிப்படைத் தளத்துக்கு (65535 வரையான எண்கள்) அப்பாலுள்ள குறிகளை ஏற்காமல் பிழை தரும். வழக்கமான தமிழுக்குச் சிக்கலில்லை. 6-இல் சொன்ன பின்னக் குறிகளையும் இமோஜியையும் ஜாவாஸ்கிரிப்ட் வழியாக வைக்க வேண்டியிருக்கும்.

20. பட்டியலை அகர வரிசையில போட்டா ன, ற எல்லாம் நடுவுல வந்து நிக்குது.

சாதாரண வரிசைப்படுத்தல் யூனிகோட் எண்படி நடக்கிறது. அங்கே ன 2985, ப-வுக்கு முன்னால். ற 2993, ர-வை ஒட்டி. நம் வரிசையோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிக்கும் பின்னால் இருப்பதால் 'அக்கா' 'அகம்' என்பதற்குப் பின்னால் போய்விடும், அகராதியில் முன்னால் வர வேண்டியது. மொழிப்படி வரிசைப்படுத்தும் 'இன்டல்' கொலேட்டரைத் தமிழ் மொழிக் குறியோடு பயன்படுத்துங்கள். இந்த அக்கா, அகம் ஜோடியை டெஸ்ட் தரவில் வைத்து உங்கள் பதிப்பு என்ன தருகிறது என்று பாருங்கள்.

நோட்.ஜேஎஸ் 13-க்கு முந்தைய இயல்பான கட்டமைப்புகளில் ஆங்கில மொழித் தரவு மட்டுமே இருந்தது. பழைய சிஐ சர்வரில் வரிசை மாறுவதற்கு அது காரணமாகலாம். தேதி, எண் வடிவங்களும் மொழித் தரவின் பதிப்பைப் பொறுத்து மாறும். ஆகவே டெஸ்டில் வடிவமைத்த தேதியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டாம்.

21. வேர்ட்பிரஸ்ல நீளமான தமிழ்த் தலைப்போட முகவரி பாதியில அறுந்துடுது.

முகவரியில் தமிழின் ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறிகளோடு 9 எழுத்தாகிறது. 'தமிழ்' மட்டும் 45. வேர்ட்பிரஸில் இதற்கான இடம் 200 எழுத்து, அதாவது சுமார் 22 தமிழ்க் குறிகள், மூன்று நான்கு சொற்கள். முகவரித் துண்டை நீங்களே சுருக்கமாக எழுதுங்கள். ஏற்கெனவே வெளியான பக்கத்தில் மாற்றினால் பழையதிலிருந்து 301 திருப்பல் வைத்துவிடுங்கள்.

22. டெஸ்ட் தரவுல என்னென்ன தமிழ்ச் சொல் வைக்கணும்?

'டெஸ்ட்' என்ற சொல்லையும் 'அம்மா'வையும் மட்டும் வைத்தால் மேலே சொன்னவற்றில் பல அகப்படாது. 'கொக்கு' என்பதை இரு வடிவத்திலும் வையுங்கள். 'ஏணி', 'ஐயர்', 'முழு' ஆகியவை 4-ஆம் பதிலில் சொன்ன நான்கு குறிகளில் மூன்றைப் பிடிக்கும், புள்ளிக்கு 'தமிழ்' இருக்கிறது. 'கௌரி', 'ஸ்ரீ' இரு வகையிலும், 'பக்ஷி', 'அஃது', 'க. முருகன்', நீளத்துக்கு 'ஒருங்கிணைக்கப்பட்டிருக்கிறது'. தமிழ் எண் ௧௨௩ ஒரு வரிசையிலாவது இருக்கட்டும். ஜாவாஸ்கிரிப்டில் அதை எண்ணாக மாற்றினால் 'எண்ணல்ல' என்றே வரும், அந்த நிலையை உங்கள் படிவம் எப்படிச் சமாளிக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஆங்கிலமும் தமிழும் இமோஜியும் கலந்த ஒரு வரியையும் சேருங்கள். இந்த வரிசைகளைப் படிவம் வழியாக உள்ளே அனுப்பி, டேட்டாபேஸில் 3-ஆம் பதிலின் நீளக் கணக்கைப் பார்த்து, சிஎஸ்வியாக இறக்கி, மறுபடி ஏற்றி, முதலில் அனுப்பியதோடு ஒப்பிடும் ஒரே டெஸ்டை எழுதி ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் ஓட்டுங்கள்.